வந்த வழியில் திரும்பாத மேடம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கே கறிக்குழம்பு ஞாபகம் வரும். எனக்கு ஒன்றரை வருடம் அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனது. காலை ஆறு மணிப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால், என் அம்பாசடரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மேடம் நிற்பார். தலையில் துணித்தொப்பி, தோளில் ஒரு பை, கையில் அவர் உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. "டிரைவர் சார், போகலாம்" என்பார். எங்கே என்று முதல் இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தேன். வாய்க்கால் போகிற இடத்துக்கு என்பதுதான் பதில். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன்.

அப்போது எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஒரு மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக எங்கள் பக்கம் வந்தவர்கள் குடியிருக்க வீடு கேட்டார்கள். கீழ்வேளூரில் மாடி வீடு வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாகக் கக்கூஸை இடித்துக் கட்டினார்கள். ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எங்களுக்கும் மாத வாடகைக்கு வண்டி ஓட்டும் யோகம் வந்தது. எனக்கு வாய்த்தவர் மேடம்.

பிலிப்பைன்ஸ்காரர். குழாய்களின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. நாற்பதை ஒட்டிய வயது. குட்டையான உருவம். நடக்கும்போது மட்டும் உயரமாகத் தெரிவார், அவ்வளவு வேகம். எங்கள் தெருப் பிள்ளைகள் "சைனாக்காரம்மா" என்று கத்தினார்கள். "சைனா இல்லடா, பிலிப்பைன்ஸ்" என்று திருத்தினேன். மறுநாளிலிருந்து "பிலிப்பைன்ஸ் சைனாக்காரம்மா" என்று மரியாதையாகக் கத்தினார்கள். மேடத்துக்கு அது என்ன என்று தெரியாது. சிரித்துக் கையை ஆட்டுவார்.

அவருக்குத் தமிழில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் தெரியும். அதில் சுத்தமாகச் சொல்ல வந்தது "இன்னும் கொஞ்சம்". சோற்றுக்கும் அதுதான், சாலைக்கும் அதுதான். மற்றபடி அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் முட்டி மோதி எப்படியோ ஓர் இடத்தில் ஒத்துப்போகும். நான் பள்ளிக்கூடத்தில் பிரதர்களிடம் அடி வாங்கிக் கற்ற ஆங்கிலம் அது. வீணாகவில்லை.

மேடத்தின் குணம் ஒன்றே ஒன்றுதான். தொட்டதை முடிக்காமல் விடமாட்டார். சாலையில் அந்தக் குணம் வேறு மாதிரி வெளிப்படும்: வந்த வழியில் திரும்பமாட்டார். முன்னால் பாதை இல்லை, பாலம் உடைந்திருக்கிறது, எருமை படுத்திருக்கிறது, எதைச் சொன்னாலும் கேட்கமாட்டார். இறங்கிப் போய்ப் பார்ப்பார். எருமையிடம் அவருடைய பாஷையில் ஏதோ சொல்வார். அது எழுந்து போகும். ஒரு தடவை குடவாசல் பக்கம் கப்பி ரோடு போய்க்கொண்டே இருந்து ஓர் ஆற்றங்கரையில் முடிந்துவிட்டது. நான் ரிவர்ஸ் கியரில் கையை வைத்தேன். "வேண்டாம்" என்றார். பரிசலில் அவர் மட்டும் அக்கரைக்குப் போனார். நான் பன்னிரண்டு மைல் சுற்றி வந்து அவரை ஏற்றிக்கொண்டேன். அவர் திரும்பவில்லை, நான்தான் திரும்பினேன் என்பது அவர் கணக்கு.

மின் நிலையத்தில் வேலை செய்த குடவாசல் ஃபிட்டர் ஒருவர் என் வண்டிப் பக்கம் வந்து புலம்புவார். ஒரு குழாய் இணைப்பை ஏழு தடவை அறுத்து ஏழு தடவை ஒட்ட வைத்தாராம் மேடம்.

"எங்க ஊரு மாமியாருங்களே தேவலண்ணே. அவங்க குழம்புல குத்தம் சொல்றதோட விட்டுருவாங்க. இந்தம்மா எக்ஸ்ரே எடுத்துல்ல குத்தம் கண்டுபுடிக்குது!"

"எட்டாவது தடவ என்னாச்சு?"

"ஏழாவதுலயே பாஸாயிட்டேண்ணே. கையெழுத்துப் போட்டுட்டுக் கை குடுத்துச்சு. மத்த இன்ஸ்பெக்டரெல்லாம் கையெழுத்து மட்டும்தான் போடுவானுவோ" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எதற்காக இந்த வெயிலில் வாய்க்கால் வாய்க்காலாக அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கறிக்குழம்பின் மேல் இருந்த ஆற்றாமையில் கேட்டதுதான். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இரண்டு வருடம் இங்கே சாப்பிடப் போகிறேன். சோறு எந்த வயலில் இருந்து வருகிறது, அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது?" என்றார். அவர் பிறந்தது மலையில். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் நெல் விளைகிற ஊர். இந்த மாதிரித் தட்டையான தேசத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று எப்படி முடிவு செய்கிறது என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம். வேலைக்குப் போகும் சாலையைக் குறுக்கிட்ட வாய்க்கால்களை எல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். ஞாயிறுக்கு ஒன்றாகக் கடைசிவரை போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானம். ஊர் சுற்றுவதற்கு இப்படி ஒரு தீர்மானம் போட்ட மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கிற வயல் வரப்புக்கு வெளியாள் யாராவது வந்தால், நடுகிற பெண்கள் ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து காலடியில் போடுவார்கள். போட்டால், ஏதாவது காசு கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். மேடத்தின் காலடியிலும் போட்டார்கள். விஷயத்தை நான் சொல்வதற்குள் மேடம் நாற்று முடியைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். நடச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பெண்கள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றது. மேடத்தின் வரிசை அவர்கள் வரிசையை முந்திக்கொண்டிருந்தது.

"என்னாங்க டிரைவரே, ஒங்க அம்மா நம்மளத் தோக்கடிச்சுருவாங்க போலருக்கே!" என்றார் ஒரு பெண்.

"அவங்க நட்டுட்டு வரட்டும். காச இவருகிட்ட வாங்குங்கடி" என்றார் இன்னொருவர்.

அந்த வயல் முழுக்க நட்டு முடித்துத்தான் கரையேறினார். மணி இரண்டு. வீட்டில் எனக்கு எடுத்து வைத்த கறியைப் பூனை முடித்திருந்தது.

வாராவாரம் சுற்றி முடித்ததும் எஸ்.டி.டி. பூத்தில் இறங்குவார். ஊரில் அவர் மகள் இருந்தாள், பத்து வயது. கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டி அன்று பார்த்த வாய்க்காலை மகளுக்கு வர்ணிப்பது தெரியும். இந்தப் பக்கம் வளைவு, அந்தப் பக்கம் மதகு என்று கை காற்றில் போகும். பேசி முடித்து வெளியே வரும்போது முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொள்வார். நான் ரேடியேட்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

பிற்பாடு நானும் குவைத்துக்குப் போய் ஒன்பது வருடம் வண்டி ஓட்டினேன். வெள்ளிக்கிழமை லீவு. ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பியதில்லை. ஏ.சி.யைப் போட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். தனியாக ஓர் அந்நிய தேசத்தில் லீவு நாளில் எழுந்து, முகம் கழுவி, வெளியே கிளம்புவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று அங்கே படுத்துக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் மேடத்தைச் சொல்லி முடிக்க முடியாது.

ஐப்பசி மாதம். அந்த வருடம் மழையும் சரியில்லை, ஆற்றிலும் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பேப்பர் செய்தி மட்டும்தான். நான் ரயில்வே கேட் பக்கத்துப் பையன். வயலில் இருந்து எனக்கு நேரடியாகத் தெரிந்தது சோறு ஒன்றுதான்.

அன்றைக்கு நாங்கள் பிடித்த வாய்க்கால் கிழக்கே கடலைப் பார்த்துப் போவது. மேடம் கரையில் நடந்து வர, நான் சாலையில் வண்டியை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு பாலத்திலும் காத்திருப்பேன். எட்டரை மணி இருக்கும். "டிரைவர் சார்! டிரைவர் சார்!" என்று கத்தல். பாம்புதான் என்று நினைத்து ஓடினேன். பாம்பில்லை. வாய்க்கால் கரையில் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு வாய் பிளந்து, தண்ணீர் அந்த வழியாகப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் அதற்குக் கீழே காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தன. உடைப்பை ஒட்டி ஒரு மூங்கில் குச்சி, அதன் உச்சியில் ஒரு கொத்து நொச்சித் தழை கட்டி நட்டிருந்தது. கண் திருஷ்டிக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மேடம் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டார். அவர் மலையில் வயல்கள் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இருக்குமாம். மேல் வயலின் வரப்பு ஒழுகினால் கீழே உள்ள வயல்கள் அத்தனையும் சரிந்துவிடும். அதனால் ஒழுகுகிற வரப்பைப் பார்த்தவர், அது யாருடைய வயலாக இருந்தாலும், அங்கேயே அடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பார்த்தும் போனவருக்கு ஊரில் பெயர் கெட்டுவிடும். இதைச் சொல்லிக்கொண்டே மண்ணை அள்ளினார். எனக்கும் வேகம் வந்துவிட்டது. வண்டியில் கிடந்த சாக்கைக் கொண்டுவந்தேன். சாக்கு நகராமல் இருக்க முளை தேவைப்பட்டது. அந்த மூங்கில் குச்சியைப் பிடுங்கித் தழையை உதறிவிட்டு, முளையாக அடித்தேன். அரை மணி நேரத்தில் சொட்டு ஒழுகவில்லை. இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டோம். ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு இட்லி சாப்பிடப் போனோம்.

சாப்பிட்டு, நடந்து, அங்கங்கே நின்று, மூன்று மைல் தாண்டும்போது மணி ஒன்று. அங்கே வாய்க்கால் வறண்டிருந்தது. வயல் ஓரத்தில் ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புதிதாக நட்ட வயல். நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன.

"அண்ணே, மேலேருந்தா வர்றீங்க? மேல தண்ணி ஓடுதாங்க?" என்று கேட்டார்.

"ஏம்மா?"

"இன்னைக்கு எங்க ஊரு முறைங்க. நேத்து சாயங்காலம் ஆறு மணிலேருந்து இன்னைக்கு ஆறு மணி வரைக்கும். ராவெல்லாம் எங்க ஊருலயே மேல் கட்டு வயக்காரங்க பாய்ச்சுனாங்க, காலையில எனக்கு. ஒம்போது மணிக்கு வரவேண்டிய தண்ணி, அப்படியே நின்னுபோச்சு. ரெகுலேட்டர் ஷட்டர அடைச்சுட்டாங்களோன்னு, அத ஏத்தி எறக்குற லஸ்கரக் கேக்க என் கொழுந்தன் போயிருக்கான். நட்டு அஞ்சு நாளுங்க. இன்னும் பச்ச புடிக்கல. இன்னைக்கு நனைக்கலேன்னா போச்சு. அடுத்த முறை எட்டு நாள் கழிச்சுதான்."

வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார் என்றும், குத்தகைக்கு எடுத்து இவர் ஒருத்தியாகத்தான் நட்டிருக்கிறார் என்றும் சொன்னார். இந்த வாய்க்காலில் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டதால், தங்கள் முறையன்று மேலே கரையை வெட்டிப் பள்ளத்தின் வழியாகத்தான் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. நாங்கள் அடைத்தது உடைப்பு இல்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குவைத்துக்குப் போகக் காத்திருந்த நேரம் அது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரவேண்டியிருந்தது. தண்ணீர்த் தகராறு என்று ஸ்டேஷனில் பெயர் ஏறினால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். "தெரியலம்மா. ரெகுலேட்டர்லதான் ஏதாவது இருக்கும்" என்றேன்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று மேடம் கேட்டார்.

"வெயில் அதிகம் என்கிறார்" என்றேன்.

"இவ்வளவு நேரமாக வெயிலைப் பற்றியா பேசினார்?"

வண்டியைப் பார்த்து நடந்தேன். மேடம் வரவில்லை. வயலில் கிடந்த நாற்றைப் பார்த்தார். வயலை ஒட்டி வந்த பள்ளத்தில் இறங்கி மண்ணைத் தொட்டார். ஓரத்தில் ஈரத்தின் கோடு இன்னும் காயாமல் இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, காலையிலிருந்து வரைந்துகொண்டு வந்த படத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"டிரைவர் சார். வண்டியைத் திருப்புங்கள். வந்த வழியில்."

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார். நேரம் போகிறது, முதலில் திறந்துவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நேரத்தைப் பற்றிய அக்கறை இல்லை அது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கரை வெட்டிய இடத்துக்குப் போனால் அங்கே பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நாங்கள் அடைத்ததால் தேங்கிய தண்ணீர், அவர்கள் திறந்துவைத்த மூன்று மடைகள் வழியாக அவர்கள் வயலுக்குள் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. மேடம் யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிச் சாக்கைப் பிடித்து இழுத்தார். பச்சைத் துண்டு போட்ட ஒருவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"யாருய்யா இந்தம்மா? கரையில கை வைக்காதீங்க! இப்ப இது எங்க தண்ணி."

"அவங்க முறை ஆறு மணி வரைக்கும் இருக்காமேங்க" என்றேன்.

"இருந்துச்சு. தழை நட்டுருந்துச்சுல்ல? அது நிக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டோம். காவலே போடவேண்டாம், அப்படி ஒரு கட்டுப்பாடு இந்த வாய்க்கால்ல. பத்து மணிக்கு வந்து பாக்குறோம், தழையைக் காணும், கரையும் அடைச்சுருக்கு. அவங்களுக்குப் போதும்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்க மடையைத் தொறந்தோம். இதுல என்ன தப்பு?"

மேடத்துக்குச் சொன்னேன். "அதைப் பிடுங்கியது நாம்தான் என்று சொல்லுங்கள்" என்றார். நான் தயங்கினேன். "சொல்லுங்கள்" என்றார், ஏழு தடவை குழாயை அறுக்க வைத்த குரலில். சொன்னேன். உள்ளூரில் முட்டாள்களுக்குப் பஞ்சமா, வெளிநாட்டிலிருந்து வேறு வரவழைக்கிறார்களா என்று அவர்கள் சிரித்தார்கள். பச்சைத் துண்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாமத்தான் செஞ்சீங்க, சரி. எங்க நாத்துங் காஞ்சுதான் கெடந்துச்சு. வயலுக்குள்ள போன தண்ணிய எப்படித் திரும்பக் குடுக்குறது?" என்றார்.

நான் அதைச் சொன்னதும் மேடம் கரையேறினார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நான் வைத்திருந்த வாளியை எடுத்தார். நேரே அவர்கள் வயலுக்குள் இறங்கி, ஒரு வாளி மொண்டு, கரைமேல் ஏறி, அந்தப் பக்கப் பள்ளத்தில் ஊற்றினார். மறுபடி இறங்கினார்.

"வாளியால மொண்டு கடைமடைக்கு அனுப்பப் போறாங்களாக்கும்!" என்று ஒருவர் சொல்ல, இன்னொரு சிரிப்பு. மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபது வாளி போனது. முப்பது போனது. எனக்கு அவமானமாக இருந்தது, நின்றுகொண்டிருப்பதும் அவமானமாக இருந்தது. வண்டியில் இருந்த எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். ஊற்றிய தண்ணீரைப் பள்ளத்து மண் அப்படியே குடித்துக்கொண்டிருந்தது. நாலு அடிகூட நகரவில்லை. இதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"போதும்னு சொல்லுய்யா. பாக்க என்னமோ போலருக்கு" என்றார் பச்சைத் துண்டுக்காரர்.

"போதும் மேடம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் தமிழில், அவர்களுக்கும் கேட்கும்படி.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. கொழுந்தனும், பின்னால் மண்வெட்டியோடு அந்தப் பெண்ணும். ரெகுலேட்டரில் அடைக்கவில்லை என்று லஸ்கர் சொன்னதும் நேரே இங்கே வந்திருக்கிறார்கள். "உங்க தழையைப் புடுங்குனது இவங்கதாம்மா, எங்களத் திட்டாதே" என்றார் பச்சைத் துண்டுக்காரர் முந்திக்கொண்டு. அந்தப் பெண் மேடத்தைப் பார்த்தார். இடுப்புவரை சேறு, கையில் வாளி, தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. கோபத்தில் மண்வெட்டியைக் கரையில் குத்தினார். ஆனால் திரும்பியது பச்சைத் துண்டுக்காரர் பக்கம்.

"பெரியப்பா, ஆறு மணி வரைக்கும் எங்க முறைன்னு ஒங்களுக்குத் தெரியாது? பத்து மணிக்கே போதும்னு எந்தக் கடைமடைக்காரன் இதுவரைக்கும் சொல்லிருக்கான்? தழையைப் பாத்துதான் மணி தெரிஞ்சுக்குவீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தோளில் போட்டார். மேடம் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு மடையையும் அடைங்கடா" என்றார் கடைசியில். "நாளைக்கு விடிய ஆறு மணி வரைக்கும் நீங்களே பாய்ச்சுக்குங்க. எங்க முறையில கழிச்சுக்குறோம். அந்த வாளிய மொதல்ல வாங்கி வைங்கப்பா."

மடைகள் அடைபட்டன. தண்ணீர் திரும்பி, வெட்டின வாயில் நுழைந்து, பள்ளத்தில் இறங்கியது. நான் நிம்மதியாக வண்டியின் கதவைத் திறந்தேன். மேடம் ஏறவில்லை. தண்ணீர் போய்ச் சேர்வதைப் பார்க்க வேண்டும் என்றார். வழியில் இன்னொரு மேடம் எங்கேயாவது இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார். வெறுங்காலோடு கரையில் நடந்தார். அந்தப் பெண்ணும் கொழுந்தனை மொபெட்டில் அனுப்பிவிட்டுக் கூட நடந்தார். தண்ணீரின் முன்நுனி சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு போக, இரண்டு பெண்களும் அதன் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடந்தார்கள். எலி வளையில் தண்ணீர் இறங்கிய இடங்களில் ஒருவர் காலால் மிதித்தார், மற்றவர் மண்ணை அள்ளிப் போட்டார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாஷை இருந்தாலும் பேசியிருப்பார்களா தெரியாது. நான் சாலையில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே வந்தேன்.

தண்ணீர் வயலைத் தொடும்போது பொழுது சாய்ந்திருந்தது. கொழுந்தன் வரப்பை வெட்டி உள்ளே விட்டான். வெடிக்கத் தொடங்கியிருந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. நாற்றுகளின் அடியில் தண்ணீர் பரவி, தூரத்து மூலைவரை போய், தேங்கி நின்றது. "பொழச்சுக்கும் அண்ணி. ராத்திரி பூரா நின்னா பொழச்சுக்கும்" என்றான்.

அந்தப் பெண் வரப்பில் உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல?"

நான் குனிந்து காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினேன்.

"அந்தம்மாவுக்கு ஊருந் தெரியாது, பாஷையுந் தெரியாது. தெரியாமச் செஞ்சாங்க, தெரிஞ்சதும் ஓடி வந்தாங்க. நான் ஒங்ககிட்ட ஒங்க பாஷையிலதானே கேட்டேன்? என் பயிரு சாவுதுன்னு சொன்னனே. அதக் கேட்டுக்கிட்டே என் மூஞ்சியப் பாத்து தெரியலம்மான்னு சொன்னீங்களே, எப்படிண்ணே சொன்னீங்க?"

"என்ன சொல்கிறார்?" என்று மேடம் கேட்டார்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நன்றி சொல்கிறார் என்று சொன்னால்கூட அவர் நம்பியிருப்பார். ஆனால் என்னால் முடியவில்லை. பயிர் சாகிறது என்று சொன்னதிலிருந்து, எப்படிண்ணே என்று கேட்டதுவரை, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையையும் விடாமல் சொன்னேன். "வெயில் என்று நான் சொன்னது பொய்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மேடம் கடைசிவரை கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "அவர் சொல்வது சரி" என்றார்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மேடம் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்வதற்காக. அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நீங்க சொல்றது சரின்னு சொல்றாங்கம்மா" என்றேன்.